வலிக்காத பல்லை டாக்டர்கிட்ட எதுக்குக் காட்டணும்? (அம்மாவுக்கு கேம்ப்ல குடுத்த சீட்டு)

எருத்தேம்பதி தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஞாயித்துக்கிழமை எங்க ஊர் ஸ்கூல்ல இலவச பல் முகாம் போட்டிருந்தாங்க. அம்மாவுக்கு 61 வயசு. ஒரு பல்லும் வலிக்கல. முறுக்கு கடிக்கிறாங்க, கரும்பு மட்டும்தான் விட்டுட்டாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணைக்குன்னு போனவங்க ஒரு சீட்டோட திரும்பி வந்தாங்க. அஞ்சு பல்லு அடைக்கணும், ஒண்ணுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்), மொத்தமா க்ளீனிங், அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா தவறாம வரணும்னு எழுதியிருக்கு. கீழ கோயமுத்தூர் கிளினிக் ஒண்ணோட விலாசம்.

அப்பா சீட்டைப் பார்த்துட்டு, "ஓடற மோட்டாரைக் கழட்டிப் பாக்கச் சொல்ற மெக்கானிக்கை நம்பாதே"ன்னுட்டார். அவருக்கு வாயில பாதிப் பல்லு இல்லை, அது வேற கதை.

கேட்க வந்தது இதுதானுங்க. வலியே இல்லாதப்ப போய்க் காட்டறதுல நெசமாலுமே பிரயோசனம் இருக்குதா? இந்த ஆறு மாசக் கணக்கு யாரு போட்டது? நம்ம பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில, கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து போறவங்க எங்க போறீங்க, பொள்ளாச்சியா, பாலக்காடா?

---

வாளையார் கேட் எழுதியது:

இலவச முகாம்னா என்னன்னு நினைச்சீங்க? தூண்டிலுக்குப் புழு யாராவது காசு வாங்கிட்டா போடறாங்க? போன வருசம் நானு மூணு இடத்துல காட்டினேன். முதல் ஆளு நாலு சொத்தைன்னார். ரெண்டாவது ஆளு ரெண்டுன்னார். மூணாவது ஆளு "சொத்தையே இல்லை, கறைதான், ஆனா கம்பி போட்டா நல்லாயிருக்கும்"னார். எனக்கு 47 வயசுங்க, கம்பி போட்டுட்டு யாரைப் பொண்ணு பாக்கப் போறேன்? சீட்டைக் கிழிச்சுப் போடுங்க.

---

பனைமரத்தடி எழுதியது:

ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மாவா சொன்னாங்க. எங்க அப்பாரு வேப்பங்குச்சியும் உமிக்கரியும் தவிர எதையும் வாயில வெச்சதில்லை. 80 வயசு வரைக்கும் தேங்காய் நாரைப் பல்லுல உரிச்சார்.

---

கூட்டெழுத்து எழுதியது:

பனைமரத்தடி அண்ணா, வேல்னா வேப்பமரம் இல்லீங்க, கருவேலமரம். வேம்புன்னு எல்லாரும் மாத்திப் புரிஞ்சுக்கறாங்க. அப்புறம், நாரு உரிச்ச அப்பாரு எல்லார் வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார். 50 வயசுல கஞ்சி குடிச்ச மத்த மூணு பேரைப் பத்தி யாரும் பெருமையா எழுதறதில்லை.

---

வேலந்தாவளம் மருமகள் எழுதியது:

வலிச்சா பாத்துக்கலாம்னு இருந்து நான் பட்ட பாட்டைச் சொல்றேன் கண்ணு.

பையனுக்கு ஏழு வயசு. கீழ்க் கடைவாயில ஒரு பல்லு கருப்பா இருந்துச்சு. பால் பல்லுதானே, விழுந்து முளைச்சுக்கும்னு நானும் விட்டுட்டேன், மாமியாரும் விட்டுட்டாங்க. ஒரு நாள் ராத்திரி கன்னம் வீங்கி, காச்சல் வந்து, வேலந்தாவளத்துல இருந்து ராத்திரி பதினோரு மணிக்கு கார் பிடிச்சு ஓடினோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "இது பால் பல்லுன்னு யாருங்க சொன்னது?"

ஆறு வயசுல பால் பல்லு வரிசைக்குப் பின்னாடி புதுசா ஒரு கடைவாய்ப் பல்லு முளைக்குமாம். எந்தப் பல்லும் விழாமலேயே அது வந்துர்றதால பெத்தவங்களுக்குத் தெரியறதே இல்லையாம். விழுந்தா முளைக்காத நிலைப் பல்லு அது. முளைச்சு ஒரு வருசம்தான் ஆச்சு, அதுக்குள்ள வேர் வரைக்கும் போயிருச்சு. ஏழு வயசுப் பையனுக்கு வேர் சிகிச்சை. அஞ்சு தடவை போயிட்டு வந்தோம். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுல அவன் அழுதுட்டே வருவான், நான் அழாத மாதிரி வருவேன்.

ஆறு வயசுலயே ஒருக்கா காட்டியிருந்தா பல்லு மேல இருக்கற பள்ளத்துல பூச்சு மாதிரி ஒண்ணு தடவி விட்டிருப்பாங்களாம். ஊசி இல்லை, வலி இல்லை, பத்து நிமிச வேலை.

---

பல்லாண்டு எழுதியது:

நான் பல் மருத்துவர், 19 வருசமா இந்தத் தொழில். கிளினிக் பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா வாளையார் கேட் எனக்கும் தூண்டில் கட்டிருவார்.

தோட்டக்காரர் கேட்டதுக்கு வர்றேன். மோட்டார் உவமை நல்லாயிருக்கு, ஆனா பல்லுக்குப் பொருந்தாது. மோட்டார் கெட்டா சத்தம் வரும். பல்லோட மேல் ஓடு, எனாமல்னு சொல்றமே, அதுல நரம்பே கிடையாது. அரிக்கும்போது ஒரு உணர்ச்சியும் இருக்காது. அடுத்த அடுக்குக்குப் போனா இனிப்புக்கும் சில்லுத் தண்ணிக்கும் கூசும். நிறையப் பேரு அந்தப் பக்கம் மெல்லறதை விட்டுட்டு இந்தப் பக்கம் மாத்திக்குவாங்க, அதோட மறந்துருவாங்க. ராத்திரி படுத்தா விண் விண்ணுன்னு தெறிக்குதுன்னு வர்றப்ப, சொத்தை நரம்பு இருக்கற அறைக்குள்ள போயிருக்கும். அடைச்சே முடிஞ்சிருக்க வேண்டிய பல்லு, வேர் சிகிச்சையும் பல்லு மேல மாட்டற கேப்பும்னு ஆயிரக்கணக்குல போயிரும்.

இன்னொரு கொடுமை சொல்றேன். அந்த விண் விண் வலி சில நாள்ல தானா நின்னுரும். கிராம்புத் தைலம் வெச்சேன், சரியாயிருச்சுன்னு சந்தோசப்படுவாங்க. உள்ள நரம்பு செத்துருச்சு, அதனாலதான் வலி நின்னது. கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிட்டிருக்கும்.

ஈறு நோய் இதை விடவும் அமைதி. பல்லு விளக்கினா ரத்தம் வருதுன்னு சொன்னா, "பிரஷ் கடுசா இருக்குது, மாத்தணும்"னு நினைக்கறாங்க. கை கழுவறப்ப ரத்தம் வந்தா சோப்பைத் திட்டுவீங்களா? பல்லு ஓரத்துல படியற வெள்ளைப் படலத்தை அன்னன்னைக்கு எடுக்காம விட்டா, எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டியாகி காரையா ஒட்டிக்கும். அப்புறம் எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது, உமிக்கரியும் எடுக்காது. அது ஈறுக்கு அடியில இறங்கி பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கும். 45, 50 வயசுல சொத்தையே இல்லாத முழுப் பல்லு கையோட வருதுன்னா காரணம் இதுதான். தோட்டக்காரர் அப்பாவுக்கு அந்தப் பாதிப் பல்லு எப்படிப் போச்சுன்னு கேட்டுப் பாருங்க. "ஆடுச்சு, விழுந்துச்சு"ன்னு சொன்னாருன்னா, அதேதான்.

உமிக்கரி பத்தி ஒரு வார்த்தை. உப்போட சேத்துத் தேச்சா பளபளன்னு இருக்கும், உண்மை. பாத்திரம் துலக்கற மண்ணும்தான் பளபளன்னு ஆக்கும், கூடவே தேய்க்கும். எனாமல் தேஞ்சா திரும்ப வளராது.

கேம்ப் சீட்டு நெசமா பொய்யான்னு என்னால சொல்ல முடியாதுங்க, வாயைப் பார்க்காம யாராலயும் முடியாது. ஸ்கூல் வராந்தாவுல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு அஞ்சு பல்லு அடைக்கணும்னு எழுதறது ஒரு சந்தேகம்தான், முடிவு இல்லை. பள்ளத்துல கருப்புக் கோடு இருந்தாலே சொத்தைன்னு அர்த்தமில்லை. பழைய கறையா இருக்கலாம், இல்லைன்னா பரவாம நின்னுபோன சொத்தையா இருக்கலாம். வேற ஒருத்தர்கிட்ட போய் எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பல்லு, ஏன், ஒரு வருசம் தள்ளிப்போட்டா என்ன ஆகும்னு கேளுங்க. நிதானமா பதில் சொல்றவர்கிட்ட வேலையைக் குடுங்க. "இன்னைக்கே பண்ணிரலாம்"னு அவசரப்படறவர்கிட்ட வீட்டுல கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருங்க.

---

வாளையார் கேட் எழுதியது:

டாக்டர் நியாயமாத்தான் பேசறார், ஒத்துக்கறேன். ஆனா முக்கியமான கேள்வியை நைஸா தாண்டிட்டாரே. ஆறு மாசம். அது யாரு போட்ட கணக்கு?

---

பல்லாண்டு எழுதியது:

தாண்டலீங்க, டீ குடிக்கப் போயிருந்தேன்.

ஆறு மாசத்துக்குப் பெருசா ஆதாரம் இல்லைங்கறதை எங்க ஆளுங்களே ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. 1977லயே ஆப்ரே ஷெய்ஹாம்ங்கற பல் பொது சுகாதாரப் பேராசிரியர் லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில இந்தக் கேள்வியை எழுப்பினார். இங்கிலாந்துல சிகிச்சை முறைகளுக்கு வழி சொல்ற நைஸ்ங்கற அமைப்பு 2004ல வெளியிட்ட வழிகாட்டியில பெரியவங்களுக்கு 3 மாசத்துல இருந்து 24 மாசம் வரைக்கும், 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு 3ல இருந்து 12 மாசம் வரைக்கும், வாயைப் பார்த்து டாக்டர் முடிவு பண்ணட்டும்னு இருக்கு. 2020ல ஒரு பெரிய ஆய்வு முடிவும் வந்துச்சு. 51 கிளினிக், 2,372 பேரு, 4 வருசம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்தவங்களுக்கும், அவங்கவங்க வாய்க்கு ஏத்த இடைவெளியில வந்தவங்களுக்கும், ஆபத்து குறைஞ்சவங்கள்ல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்தவங்களுக்கும் ஈறு நிலைமையில சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்லை.

வாளையார் கேட் கைதட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த ஆய்வுல இருந்தவங்க ஏற்கெனவே ஒழுங்கா செக்கப்புக்குப் போயிட்டிருந்தவங்க. ஃப்ளோரைடு பேஸ்ட்ல பல்லு விளக்கறவங்க. நம்ம ஊர்ல 40 வயசுல முதல் தடவையா வாயைத் திறக்கறவருக்கு அந்த முடிவை அப்படியே ஒட்ட வைக்க முடியாது. முதல் ஒருக்கா யாராவது ஒழுங்காப் பார்க்கணும். பார்த்த பின்னாடி உங்களுக்கு ஒரு வருசமா, ரெண்டு வருசமா, மூணு மாசமான்னு பேசலாம். சர்க்கரை இருக்கறவங்க, பீடி சிகரெட் பிடிக்கறவங்க, புகையிலை போடறவங்க, வாய் உலர்ற மாத்திரை சாப்பிடறவங்க, ஈறுல ஏற்கெனவே எலும்பு கரைஞ்சவங்க, இவங்களுக்கெல்லாம் சீக்கிரம் சீக்கிரம் பார்க்கணும்.

---

சித்தூர் டீச்சர் எழுதியது:

இந்த இழையில எங்க ஏரியா விசயம் ஒண்ணு கேட்கணும். நான் சித்தூர் தாலூக்காவுல தமிழ் மீடியம் பிரைமரியில வேலை பாக்கறேன். கிழக்குப் பக்கம் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் போர்வெல் தண்ணிதான். புள்ளைங்க முன்பல்லுல சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு, சிலதுங்களுக்குப் பழுப்புக் கோடு. மத்த புள்ளைங்க கேலி பண்றாங்க. ஒரு பொண்ணு வாயைப் பொத்திட்டுத்தான் சிரிக்கும். அவங்கம்மா பல்லு விளக்கலைன்னு அடிச்சு, செங்கல் பொடியில தேச்சு விட்டிருக்கு. இது சொத்தையா?

---

பல்லாண்டு எழுதியது:

டீச்சர், அந்தம்மாகிட்ட முதல்ல செங்கல் பொடியை நிறுத்தச் சொல்லுங்க. நீங்க சொல்ற ஊர்களையும் சொல்ற மாதிரியையும் பார்த்தா அது ஃப்ளோரோசிஸாத்தான் இருக்கும், அதாவது தண்ணியில ஃப்ளோரைடு கூடிப்போய் பல்லுல விழற திட்டு. பாலக்காட்டுக் கிழக்குப் பகுதி நிலத்தடித் தண்ணியில ஃப்ளோரைடு கூடுதல்னு தெரிஞ்ச விசயம். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது. வேற தண்ணி இல்லாத இடத்துல 1.5 வரைக்கும் அனுமதி. அதுக்கு மேல போனா, தாடைக்குள்ள பல்லு உருவாகிட்டிருக்கற வயசுல, அதாவது ஏறத்தாழ எட்டு வயசு வரைக்கும் குடிக்கற புள்ளைங்களுக்கு எனாமல் சரியாக் கட்டாது. பல்லு முளைக்கறப்பவே திட்டோடதான் முளைக்கும். விளக்காததால வந்தது இல்லை, தேச்சாலும் போகாது.

தண்ணியைக் காய்ச்சினா ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டறதால இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்ஓ ஃபில்டர் எடுக்கும். போர்வெல் தண்ணியைப் பரிசோதனைக்குக் குடுத்துப் பாருங்க. கைப்புள்ளைங்களுக்கும் சின்னப் புள்ளைங்களுக்கும் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது வேற தண்ணி கிடைச்சா நல்லது, பெரியவங்களுக்குப் பல்லுல புதுசாத் திட்டு விழாது.

லேசான திட்டுன்னா அழகுப் பிரச்சினை மட்டும்தான். குழி விழுந்து உதிர்ற மாதிரி இருந்தா காட்டணும். ஃப்ளோரைடு பேஸ்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூணு வயசுக்குக் கீழ அரிசி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு, முழுங்காமத் துப்பச் சொல்லிக் குடுத்தாப் போதும். அந்தப் பொண்ணு பெருசானா முன்பல்லுக்கு நிறம் ஒப்பேத்த வழி இருக்கு. அதுவரைக்கும் வகுப்புல நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, தண்ணிதான் காரணம்னு. டீச்சர் சொன்னா கேலி நிக்கும்.

---

மூலத்தறை மதகு எழுதியது:

தண்ணின்னு எடுத்தாச்சு, அப்ப இதையும் பேசணும். 1970 ஒப்பந்தப்படி பரம்பிக்குளம் ஆளியாறுல இருந்து சித்தூர்ப்புழைக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சி ஒழுங்கா வந்தா எதுக்கு ஆயிரம் அடி போர் போடறோம்? போன வருசம்...

---

மட்டுறுத்துநர் எழுதியது:

பரம்பிக்குளம் ஆளியாறு (பிஏபி) தண்ணிக்குத் தனி இழை ஓடுது, 214 பக்கம். அங்க போய் அடிச்சுக்கோங்க. மூலத்தறை மதகோட மிச்சப் பதிவை அங்க மாத்தியாச்சு.

---

சர்க்கரைப் பொங்கல் எழுதியது:

எனக்கு 11 வருசமா சர்க்கரை. மாத்திரை மாத்தி மாத்திப் பார்த்தும் மூணு மாசச் சராசரி இறங்கவே இல்லை. சர்க்கரை டாக்டர்தான் ஒரு நாள் "வாயைத் திறங்க"ன்னார். ஈறெல்லாம் சீழ். பல் டாக்டர்கிட்ட அனுப்பினார். சுத்தம் பண்ணி, ஈறுக்கு அடியில எல்லாம் சுரண்டி, மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா எண் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. அதிசயம் ஒண்ணுமில்லைன்னு அவரே சொன்னார். ஈறு புண்ணு சர்க்கரையை ஏத்தும், சர்க்கரை ஈறைக் கெடுக்கும், ரெண்டும் மாமியார் மருமக மாதிரி ஒண்ணை ஒண்ணு கிளப்பி விட்டுக்கும்.

---

பனைமரத்தடி எழுதியது:

க்ளீனிங் பண்ணினா பல்லு ஆடும்ங்கறாங்களே? எங்க சித்தப்பா பண்ணிட்டு வந்த மறுநாளே ரெண்டு பல்லு ஆட ஆரம்பிச்சுருச்சு. மேல் பல்லு பிடுங்கினா கண்ணு மங்கும்னும் சொல்றாங்க. இதுக்குப் பயந்துதான் நான் போறதில்லை.

---

பல்லாண்டு எழுதியது:

இந்த ரெண்டும் வாரத்துக்கு நாலு தடவை கேக்கறேன். சித்தப்பா பல்லு முன்னாடியே ஆடிட்டிருந்துச்சு, காரை சிமெண்ட் மாதிரி பக்கத்துப் பல்லோட சேத்துப் பிடிச்சிருந்துச்சு. விழப்போற சுவத்துல படர்ந்த கொடி மாதிரி. கொடியை எடுத்தா சுவர் ஆடறது தெரியுது, சுவரை ஆட்டினது கொடிதான். பத்து வருசம் முன்னாடி எடுத்திருந்தா எலும்பு மிஞ்சியிருக்கும். சுத்தம் பண்ணின பின்னாடி சில நாளைக்குக் கூசும், பல்லுக்கு நடுவுல இடைவெளி தெரியும், அது உண்மை.

கண்ணு விசயம்: பார்வை நரம்பு தனி. மேல் பல்லுக்குப் போற நரம்புக்கும் பார்வைக்கும் தொடர்பில்லை. வயசானவங்களுக்குப் பல்லு போற காலமும் கண்ணுல புரை விழற காலமும் ஒண்ணா வருது, அவ்வளவுதான்.

---

நெம்மாறை ஆஷா எழுதியது:

நான் ஆஷா, அதாவது கிராம சுகாதாரத் தொண்டர் வேலையில இருக்கேன், வீடு வீடாப் போறவ. ஒண்ணு கேக்கறேன், யாருமே கேக்கலை. தோட்டக்காரர் தம்பி, அம்மா வெத்தலை போடறவங்களா?

---

எருத்தேம்பதி தோட்டம் எழுதியது:

போடுவாங்கக்கா. 30 வருசத்துக்கு மேல. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, போயலை. நாளைக்கு அஞ்சாறு தடவை. களை எடுக்கறப்ப இன்னும் கூட. இதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு எழுதலை.

---

நெம்மாறை ஆஷா எழுதியது:

அப்ப அஞ்சு பல்லை விடு தம்பி. வாய்க்குள்ள கன்னம், நாக்கு ஓரம், நாக்குக்கு அடியில, பல்லு வரிசைக்கு வெளிய வெத்தலையை ஒதுக்கி வைக்கற இடம், இதைத்தான் முதல்ல பார்க்கணும். வெள்ளையாவோ சிவப்பாவோ திட்டு இருக்குதா, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு இருக்குதா, காரம் பட்டா எரியுதா, வாய் முழுசாத் திறக்குதா. மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தி வாய்க்குள்ள வெச்சுப் பார்க்கச் சொல்லு. நுழையலைன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போ.

சிவப்புத் திட்டு வெள்ளையை விட மோசம்னு எங்களுக்கு டிரெயினிங்ல சொன்னாங்க. இதெல்லாம் வலிக்காது தம்பி. வலிக்க ஆரம்பிச்ச பின்னாடி நான் கூட்டிட்டுப் போன ரெண்டு பேருல ஒருத்தர் இப்ப இல்லை.

---

பல்லாண்டு எழுதியது:

ஆஷா அக்கா கேட்டது நான் முதல் பதிவுலயே கேட்டிருக்க வேண்டியது. தப்பு என் பேர்ல.

செக்கப்பு உசுரைக் காப்பாத்துமான்னு உலகத்துலயே பெருசா சோதிச்சுப் பார்த்தது நம்ம கேரளத்துலதான். 1996ல திருவனந்தபுரம் மாவட்டத்துல 13 பஞ்சாயத்து எடுத்தாங்க. ஏழுல 35 வயசுக்கு மேற்பட்டவங்க வீடுகளுக்குப் பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர்கள் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்துல பார்த்தாங்க. ஆறுல அப்படிப் பார்க்கலை. ரெண்டும் சேர்த்து 1.9 லட்சம் பேரு. மூணு வருசத்துக்கு ஒருக்கா, மூணு சுற்று. 2005ல முடிவு வந்துச்சு. புகையிலையோ மதுவோ பழக்கமிருந்தவங்கள்ல, பார்க்கப்பட்ட பஞ்சாயத்துகள்ல வாய்ப்புற்று சாவு 34 சதவீதம் குறைவு. பழக்கமே இல்லாதவங்களுக்கு அப்படி ஒரு வித்தியாசம் தெரியலை. அதனாலதான் யாருக்கு எத்தனை மாசம்னு ஆளைப் பார்த்துச் சொல்லணும்ங்கறேன்.

போயலையை விட்டுட்டு வெறும் பாக்கு போட்டாப் பரவாயில்லைன்னு நினைக்க வேண்டாம். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் முகமை 2004ல வகைப்படுத்திருச்சு. வாய் திறக்காமப் போறதுக்கும் பாக்குதான் காரணம். உள் கன்னம் நார் நாரா இறுகிரும்.

---

வாளையார் கேட் எழுதியது:

சரி, நான் ஜோக் அடிச்சதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். சும்மா இருந்த நேரத்துல மூணு விரல் வெச்சுப் பார்த்தேன், நுழையுது. ஆனா எங்க லோடுமேன் பையன் ஒருத்தன், 26 வயசு, பாக்கெட் பாக்கு போடறவன், ரெண்டு விரலுக்கே சிரமப்படறான். பன்னைப் பிச்சுப் பிச்சுத்தான் தின்பான், நாங்க ஸ்டைலுன்னு நினைச்சுட்டிருந்தோம்.

குட்காவை கேரளாவுல 2012லயும் தமிழ்நாட்டுல 2013லயும் தடை பண்ணியாச்சு. செக்போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் எந்தக் கடையில கேட்கணும்னு அந்தப் பையனுக்குத் தெரியும்.

---

வேலந்தாவளம் மருமகள் எழுதியது:

போற இடம் பத்திக் கேட்டீங்கல்ல. கேரளா ரேஷன் கார்டு இருந்தா முதல்ல தாலூக்காஸ்பத்திரியில பல் பிரிவு என்னைக்குன்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. பெரிய வேலைன்னா திருச்சூர் அரசு பல் மருத்துவக் கல்லூரி. படிக்கற புள்ளைங்க பார்ப்பாங்க, பின்னாடி பெரிய டாக்டர் வந்து சரி பார்ப்பார். நேரம் ஆகும், சோத்துப் பொட்டலம் கட்டிட்டுப் போயிருங்க. அப்பாவுக்குப் பல்லு செட் வேணும்னா, 60 வயசு தாண்டின, வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கற (பிபிஎல்) காரங்களுக்குக் கேரள அரசோட மந்தஹாசம் திட்டம் இருக்கு, இலவசமா கட்டித் தருவாங்க. எங்க மாமனாருக்கு அப்படித்தான் வாங்கினோம். சாப்பிடறப்ப கழட்டி வெச்சுட்டு, கல்யாணத்துக்குப் போறப்ப மாட்டிக்குவார்.

---

எருத்தேம்பதி தோட்டம் எழுதியது (ஆறு வாரம் கழிச்சு):

பதில் போடாம விட்டதுக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்றேன்.

அன்னைக்கு ராத்திரியே போன் டார்ச்சுல அம்மா வாயைப் பார்த்தேன். 34 வருசம் அவங்க கையில சாப்பிட்டிருக்கேன், ஒரு நாளும் அவங்க வாய்க்குள்ள பார்த்ததில்லை. இடது கன்னத்துக்குள்ள, வெத்தலை ஒதுக்கற இடத்துல, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையா சுரசுரன்னு ஒரு திட்டு. "அது ரொம்ப நாளா இருக்குதுடா, சுண்ணாம்பு சுட்டது"ன்னாங்க.

அரசு பல் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு தடவை. சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அப்பா மோட்டார் ரூம்ல போய் உக்காந்துக்குவார், கூப்பிட்டாலும் வர மாட்டார். புற்று இல்லைன்னு வந்துருச்சுங்க. செல்லுல லேசா மாத்தம் இருக்குது, போயலையும் பாக்கும் அடியோட விடணும், மூணு மாசத்துக்கு ஒருக்கா காட்டணும்னாங்க. ஆறு மாசம் அதிகமான்னு கேட்டு இழை ஆரம்பிச்ச எனக்கு மூணு மாசம்.

பல்லு கணக்கையும் சொல்லிர்றேன். கேம்ப்ல சொன்ன அஞ்சுல ரெண்டுதான் அடைக்க வேண்டியிருந்துச்சு, மூணு வெறும் கறை. வேர் சிகிச்சைன்னு எழுதியிருந்த பல்லு எக்ஸ்ரேயில நெசமாலுமே மோசமாத்தான் இருந்துச்சு. ஆக, சீட்டுல பாதி சரி, பாதி தப்பு. கிழிச்சுப் போடாம இருந்தது நல்லதாப் போச்சு.

---

பல்லாண்டு எழுதியது:

ரொம்ப சந்தோசம். மூணு மாசத்தைக் காலண்டர்ல குறிச்சு வெச்சுருங்க. அப்பா?

---

எருத்தேம்பதி தோட்டம் எழுதியது:

அப்பா மிச்சப் பல்லைக் காட்ட வர்றேன்னு சொல்லியிருக்கார். நெல்லு அறுப்பு முடியட்டுமாம்.

அம்மா போயலையை விட்டு இருபது நாளாச்சு. வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுன்னு கொத்தமல்லி விதையும் சோம்பும் மென்னுட்டிருக்காங்க. வெத்தலைப் பெட்டி, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா எல்லாத்தையும் எடுத்து, கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போன அதே பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டாங்க. நல்ல பித்தளை, வீணாக்கக் கூடாதாம். இப்ப அந்தக்காவை எப்படி வாயைத் திறக்க வைக்கறதுன்னு ரோசனை பண்ணிட்டிருக்கேன்.